முன்னும் பின்னும், நடுவுல ஒரு தந்தியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு ஒத்திப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. போன வாரம் எங்க வீட்டு வாண்டு புண்ணியத்துல அதுக்கு வேளை வந்துடுச்சு. ஏழாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்து, "அப்பா, ப்ரீ, போஸ்ட், ஆன்ட்டி, ஃபோர்... ஒவ்வொண்ணுக்கும் அஞ்சஞ்சு வார்த்தை வேணும். நாளைக்குக் காலைல குடுக்கணும்"னு வந்து நின்னா. நான் வழக்கம்போல "தாத்தாகிட்ட கேளு"ன்னு சொல்லிட்டு எஸ்கேப்.

தாத்தா, அதாவது எங்கப்பா, ஹால்ல கொசு பேட்டோட உட்கார்ந்திருந்தார். (காட்டாங்குளத்தூர்ல ஏரிப் பக்கமா வீடு வாங்கினவங்களுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வேற பொழுதுபோக்கு கிடையாது.) பேட்டைக் கீழ வெச்சுட்டு மடமடன்னு சொல்ல ஆரம்பிச்சார். ப்ரீஃபேஸ், ப்ரெடிக்ட், ப்ரிகாஷன்... போஸ்ட்போன், போஸ்ட்மார்ட்டம், போஸ்ட்ஸ்கிரிப்ட்... அவ ஒண்ணை எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்தது வருது. நடுவுல பொண்ணு, "தாத்தா, போஸ்ட்போனுக்கு ஆப்போசிட் ப்ரீபோன்தானே? அதையும் எழுதிக்கவா?"ன்னு கேட்டா.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அது மட்டும் வேணாம் பாப்பா"ன்னார்.

ஏன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. கொசுவத்தியைப் பெருசாவே சுத்தப் போறேன், பொறுத்துக்கங்க மக்களே.

எங்க ரயில் லைன்லேர்ந்தே ஆரம்பிக்கறேன். காட்டாங்குளத்தூர்ல வண்டி ஏறினா பொத்தேரி, கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் எல்லாம் தாண்டி பல்லாவரம் வரும். தினமும் அந்த வழியா ஆபீஸ் போறவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியுமோ, இந்தியாவுல 'வரலாற்றுக்கு முந்தைய காலம்'ங்கற படிப்பே அந்தப் பல்லாவரத்துலதான் தொடங்கிச்சு. 1863 மே 30. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டுங்கற ஆள், அங்க செம்புரைச் சரளைக்குள்ள ஒரு கல்லைப் பார்க்கறார். மத்தவங்களுக்கு அது வெறும் கல்லு. அவருக்கு அது மனுஷன் கையால செதுக்கின கருவி. அதே வருஷம் செப்டம்பர்ல அவரும் வில்லியம் கிங்கும் சேர்ந்து அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடிச்சாங்க. சாந்தி பப்பு தலைமையிலான குழு 2011-ல வெளியிட்ட ஆய்வுப்படி அத்திரம்பாக்கத்துக் கருவிகளோட வயசு சுமார் 15 லட்சம் வருஷம். ஃபூட் சேகரிச்ச கற்கள் இன்னிக்கும் எழும்பூர் மியூசியத்துல இருக்கு, போய்ப் பாருங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, பல்லாவரத்துக் கல்லுக்கு வயசு லட்சக்கணக்குல. ஆனா 'ப்ரீஹிஸ்டாரிக்'ங்கற வார்த்தைக்கு அப்ப வயசு பன்னெண்டுதான். டேனியல் வில்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1851-ல தன் புத்தகத் தலைப்புல வெச்சு அதை இங்கிலீஷ்ல புழக்கத்துக்கு விட்டார். வரலாறுன்னா எழுதி வெச்சதுதான்னு நம்பிக்கிட்டிருந்த காலத்துல, எழுத்துக்கு முன்னாடியும் ஆளுங்க இருந்தாங்கன்னு சொல்ல ஒரு வார்த்தை தேவைப்பட்டுச்சு. ஒரு 'ப்ரீ'யை முன்னால ஒட்டினாங்க, ஒரு துறையே பொறந்துடுச்சு. தமிழ்ல நாம 'வரலாற்றுக்கு முந்தைய'ன்னு வால் நீளமா சொன்னோம். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் 'தொல்பழங்காலம்'னு மாத்தினார். அதுல 'முன்'னே கிடையாது, ஆனா காதுக்கு இதமா இருக்கு.

அதே பல்லாவரத்துலதான் மறைமலை அடிகள் வாழ்ந்தார். 1950-ல அங்கேயே காலமானார். வேதாசலம்ங்கற தன் பேரை 1916-ல மறைமலைன்னு மாத்திக்கிட்டவர். வேதம் மறை ஆச்சு, அசலம் மலை ஆச்சு. காட்டாங்குளத்தூர்லேர்ந்து செங்கல்பட்டுப் பக்கம் போனா அடுத்த ஸ்டேஷனே மறைமலை நகர், அவர் பேருல சி.எம்.டி.ஏ. உருவாக்கின துணைநகரம். அதாவது எங்க ஊருக்கு இந்தப் பக்கம் அவர் பேரு, அந்தப் பக்கம் அவர் வாழ்ந்த ஊரு. தனித்தமிழ்னு சொன்னாலே அவர் பேருதான் முதல்ல வரும், ஆனா அவரோட தமிழ்ப் புத்தகங்கள் சிலதைப் புரட்டினா ஆரம்பத்துல பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல ஒரு ப்ரீஃபேஸ் இருக்கும்! இதைக் கிண்டலாச் சொல்லல. இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்சதாலதான் தமிழ்ல என்ன வேணும்னு அவருக்குத் தெரிஞ்சதுன்னு நான் நினைக்கறேன்.

ப்ரீஃபேஸ்னதும் ஞாபகம் வருது. நான் ரொம்ப காலமா அது 'முன் முகம்'னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கிடையாதாம். லத்தீன்ல 'ஃபாரி'ன்னா பேசறது. முன்னாடி பேசறது, அவ்வளவுதான். நம்ம 'முன்னுரை' அதுக்கு அச்சு அசலாப் பொருந்துது. ஆனா பழைய ஆளுங்க முன்னுரைன்னு சொல்லல. 13ஆம் நூற்றாண்டு நன்னூல்ல பவணந்தி முனிவர் பாயிரத்துக்கு வரிசையா மாத்துப் பேர் குடுக்கறார். முகவுரை இருக்கு, நூன்முகம் இருக்கு, அணிந்துரை இருக்கு, புனைந்துரை இருக்கு. முன்னுரை இல்லை. அவங்களுக்குப் புத்தகத்தோட ஆரம்பம்ங்கறது 'முன்' இல்லை, 'முகம்'. இந்த முகத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேலை இருக்கு.

தமிழ்ல அடிப்படையில முன்னொட்டுங்கற சமாச்சாரமே அதிகம் கிடையாது. நம்மாளு எதையும் வாலுலதான் கட்டுவான். வீடு, வீட்டுக்கு, வீட்டுக்குள்ள, வீட்டுக்குள்ளேயே. அதனால ப்ரீ, போஸ்ட் வந்தப்ப நம்மகிட்ட இருந்த முன், பின் ரெண்டையும் எடுத்து ஒட்டிப் பார்த்தோம். இந்த முன்னும் பின்னும் சாதாரணப் பசங்க இல்ல. தொல்காப்பியத்துலயே ஏழாம் வேற்றுமை இடத்தைச் சொல்ற சொற்கள் பட்டியல்ல ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்க. இடத்துக்குப் பொறந்து காலத்துக்கு வாக்கப்பட்டவங்க. முற்பகல் பிற்பகல் ஜோடி குறள்லயே இருக்கு (319ஆவது குறள், எடுத்துப் பாருங்க). கல்யாணப் பத்திரிகையில மு.ப., பி.ப.ன்னு போடறது ஏ.எம்., பி.எம்.மை மொழிபெயர்த்ததுதான்னாலும், சரக்கு என்னவோ உள்ளூர்ச் சரக்கு. ஏ.எம்.ல இருக்கற 'ஏ', 'ஆன்ட்டே'. முன்னாடின்னு அர்த்தம். எதிர்ப்புன்னு அர்த்தம் வர்ற 'ஆன்ட்டி' வேற. ஒரு ஆஸ்பத்திரி போர்டுல கர்ப்பிணிகள் பிரிவுக்கு ஒரு எழுத்தை மாத்திப் போட்டு, 'பிரசவ எதிர்ப்புப் பிரிவு'ன்னு ஆக்கி வெச்சிருந்ததை நானே பார்த்திருக்கேன். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான், பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் சேர்த்தி :-))

வீட்டு வாடகைக்கு நாம குடுக்கற 'அட்வான்ஸ்' இருக்கே, அதுவும் இந்த ஆன்ட்டே குடும்பம்தான். பழைய லத்தீன் 'அப்-ஆன்ட்டே'. பிரெஞ்சுல தேய்ஞ்சு 'அவான்ஸ்' ஆச்சு. நடுவுல இருக்கற 'ட்', இங்கிலீஷ்காரன் இது வேற ஒரு லத்தீன் முன்னொட்டுன்னு தப்பா நினைச்சு சொருகினது. தமிழ்ல முன்பணம். பத்து மாச முன்பணம் குடுத்துட்டு நாமதான் பின்னாடி நிக்கறோம்.

இங்க ஒரு குழப்பம் வருது. முன்னோர்னா செத்துப்போன தாத்தா பாட்டிங்க. முன்னேற்றம்னா இனிமே வரப்போறது. ரெண்டும் எப்படி 'முன்'ல இருக்க முடியும்? அப்பறம், பிற்காலம்னா வருங்காலம். ஆனா பின்னாடி திரும்பிப் பார்த்தான்னா கடந்த காலத்தைப் பார்த்தான்னு அர்த்தம். நடந்து போற ஒருத்தரா நம்மை நினைச்சா முன்னாடி இருக்கறது நாளைக்கு. வரிசையில நிக்கற ஒருத்தரா நினைச்சா முன்னாடி நிக்கறவர் நமக்கு முன்ன வந்தவர், அதாவது நேத்து. ரேஷன் கடை வரிசை மாதிரி. நம்ம மொழி ரெண்டு கணக்கையும் ஒரே கல்லாவுல போட்டு வெச்சிருக்கு.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. லெரா போரோடிட்ஸ்கின்னு ஒரு அம்மா, 'புதன்கிழமை மீட்டிங்கை ரெண்டு நாள் முன்னால நகர்த்தியாச்சு, இப்ப அது என்னிக்கு?'ன்னு இங்கிலீஷ்ல கேட்டுப் பார்த்தாங்க. பாதிப் பேர் திங்கள்னாங்க, பாதிப் பேர் வெள்ளின்னாங்க. பயணம் பண்ணி அப்பத்தான் வந்து இறங்கினவங்க அதிகமா வெள்ளின்னாங்களாம். தென் அமெரிக்காவுல அய்மாரா மொழி பேசறவங்க இன்னும் ஒரு படி மேல. பழசு கண்ணு முன்னாடி இருக்கு, ஏன்னா அதைப் பார்த்தாச்சு. நாளைக்கு முதுகுக்குப் பின்னாடி, ஏன்னா யாரும் பார்க்கல. பேசும்போது கையையும் அப்படித்தான் காட்டறாங்கன்னு 2006-ல ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துச்சு.

தமிழ்ல இன்னொரு வார்த்தையும் இருக்கு, எதிர்காலம். எதிர்ல வர்றது. நாம அதை நோக்கிப் போகல, அது நம்மளை நோக்கி வருது, எதிர் பஸ் மாதிரி. இந்த எதிருக்கு ஒரு கல்வெட்டுக் கதை உண்டு. பாண்டியர் கல்வெட்டுகள்ல ராஜாவோட ஆட்சி வருஷத்தை 'இரண்டாவதின் எதிர் பதினொன்றாவது'ங்கற மாதிரி எழுதுவாங்க. ரெண்டுக்கு மேல பதினொண்ணு, ஆக பதிமூணாவது வருஷம். ரெண்டையும் கூட்டிக்கணும். முதல் தடவை படிச்சப்ப எனக்குத் தலை கிறுகிறுத்துச்சு. கி.மு., கி.பி. எவ்வளவு சுலபம்னு அப்பதான் தெரிஞ்சது. (அதுலயும் பூஜ்ஜிய வருஷம் கிடையாது. கி.மு. 1 முடிஞ்சா நேரா கி.பி. 1. 525-ல டயோனிசியஸ்ங்கற துறவி கணக்கு போட்டப்ப ஐரோப்பாவுல பூஜ்ஜியம் புழக்கத்துல இல்ல.)

சரி, இப்ப அப்பா கதைக்கு வர்றேன்.

அப்பா மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். தமிழ் மீடியத்துல எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு 1970-ல பி.யூ.சி. சேர்ந்தார். ப்ரீ யுனிவர்சிட்டி கோர்ஸ். இப்பத்திப் பசங்களுக்கு இது என்னன்னே தெரியாது. முன்னாடி ரெண்டு வருஷ இன்டர்மீடியட் இருந்துச்சு. நம்ம ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில 1952-53-ல ஒரு கமிஷன் உட்கார்ந்து, அந்த ரெண்டு வருஷத்தைப் பிரிச்சு, ஒண்ணைப் பள்ளிக்கூடத்தோடயும் ஒண்ணைக் காலேஜோடயும் சேர்த்துடலாம்னுச்சு. பள்ளிக்கூடங்க எல்லாம் மாறி முடியற வரைக்கும் நடுவுல ஒரு வருஷம் ஒட்டுப் போட வந்ததுதான் பி.யூ.சி. சென்னைப் பல்கலைக்கழகத்துல 1956-57-ல ஆரம்பிச்சது. தற்காலிக ஏற்பாடு. நம்ம ஊர்ல தற்காலிகம்னா தெரியுமே, இருபது வருஷத்துக்கு மேல ஓடிச்சு. கோத்தாரி கமிஷன் சொன்ன 10+2+3 வந்து, 1978-ல ப்ளஸ் டூ தொடங்கினப்புறம்தான் இது ஒழிஞ்சது. 1980 மார்ச்ல முதல் ப்ளஸ் டூ பப்ளிக் எக்ஸாம். கர்நாடகாவுல மட்டும் பி.யூ.சி.ங்கற பேரு இன்னும் உசுரோட இருக்கு, ரெண்டு வருஷப் படிப்பா. கேரளாவுல ப்ரீ டிகிரின்னு 2000 வாக்கு வரைக்கும் இருந்துச்சு.

இந்த 'ப்ரீ யுனிவர்சிட்டி'யைத் தமிழ்ல எப்படிச் சொன்னாங்க தெரியுமா? முன் பல்கலைக்கழக வகுப்புன்னு யாராவது ஒரு அதிகாரி எழுதியிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா 'புகுமுக வகுப்பு'ன்னு பேர் வெச்சாங்க. அடடா! முன்னாடி நிக்கறவன் இல்ல, உள்ள நுழையறவன். நான் முகத்தை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அது இதுக்குத்தான். புகுமுகம்ங்கறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்ல வர்ற சொல். தலைவனும் தலைவியும் முதன்முதலாப் பார்த்துக்கறப்ப, தலைவிகிட்ட தெரியற முதல் மெய்ப்பாடே 'புகுமுகம் புரிதல்'தான். அவன் பார்வைக்கு எதிர்ல தன் முகத்தைக் குடுத்து நிக்கறது. எழுபதுகள்ல காலேஜ் வாசல்ல நின்ன பசங்களுக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு வார்த்தை கிடைக்காது :-)

என்னைக் கேட்டா, தமிழ்ல கலைச்சொல் பண்ணினவங்க ஜெயிச்ச இடமெல்லாம் இப்படித்தான். ப்ரீயைப் பார்த்ததும் முன்னை ஒட்டாம, என்ன மேட்டர்னு யோசிச்ச இடம். போஸ்ட் கிராஜுவேட்டை 'பின் பட்டதாரி'ன்னு சொல்லாம முதுகலைன்னாங்க, அண்டர் கிராஜுவேட்டை இளங்கலைன்னாங்க. இளசு, முதுசு. ஒரு மரத்தைச் சொல்ற மாதிரி. போஸ்ட்போன் 'ஒத்திவைப்பு' ஆச்சு. அதே சமயம் ஒட்டினதும் சில இடத்துல நல்லா ஒட்டிக்கிச்சு. பின்குறிப்பு, பின்னூட்டம் எல்லாம் நாம தினம் புழங்கறது. பின்நவீனத்துவம்? அதைப் பத்தி ஏதாவது சொன்னா என்னை முன்னுக்குப் பின் முரணா பேசறேன்னு துவைச்சுடுவாங்க. அந்த முன்னுக்குப் பின் முரணுக்கு இங்கிலீஷ்ல சரியான வார்த்தை இருக்கு பாருங்க, 'ப்ரிபாஸ்டரஸ்'. ப்ரீயும் போஸ்ட்டும் ஒரே வார்த்தையில. முன்னாடி இருக்க வேண்டியது பின்னாடியும் பின்னாடி இருக்க வேண்டியது முன்னாடியும் போனா அபத்தம். ரோம்காரனும் நம்மாளும் எங்க சந்திச்சுப் பேசி வெச்சாங்களோ!

அப்பா பி.யூ.சி.யில இங்கிலீஷ்ல போயிட்டார். பதினோரு வருஷம் தமிழ்ல படிச்சுட்டு, திடீர்னு எல்லாப் பாடமும் இங்கிலீஷ்ல கேட்டா என்ன ஆகும்? அவர் வகுப்புல கிராமத்துலேர்ந்து வந்தவங்கள்ல பாதிக்கு மேல அந்த ஒரு பேப்பர்லதான் நின்னாங்களாம். மறுபடி எழுதினார், மறுபடி போச்சு. மூணாவது தடவைக்கு வீட்டுல பணம் இல்ல. "யுனிவர்சிட்டிக்கு முன்னாலயே நின்னுட்டவன்டா நான், பேருலயே இருக்கே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். அந்த நாள்ல 'பி.யூ.சி. (ஃபெயில்)' கூட ஒரு படிப்புதான். கல்யாணத் தரகர் அதைப் பெருமையாச் சொல்லித்தான் எங்கம்மா வீட்டுல பேசினாராம். ஃபெயிலானப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்டுப் போட்டு, முன்னொட்டு பின்னொட்டு எல்லாம் எழுதி எழுதி மனப்பாடம் பண்ணினார். பேத்திக்கு மடமடன்னு சொன்னது அந்த நோட்டுதான்.

டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினார். 1976-ல பாரிமுனையில ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு இன்டர்வ்யூ கார்டு வந்துச்சு. மார்ச் 18, வியாழக்கிழமை. ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சு போச்சு. சித்தப்பாகிட்ட ஒரு வெள்ளைச் சட்டை கடன் வாங்கி வெச்சாச்சு. மார்ச் 10ஆம் தேதி சாயங்காலம் ஒரு தந்தி. அந்தக் காலத்துல தந்தின்னாலே வீட்டுல முதல்ல அழுவாங்க, அப்புறம்தான் படிப்பாங்க. பாட்டியும் அழுதிருக்காங்க. யாரும் சாகல, தந்தியில மூணே வார்த்தை. இன்டர்வ்யூ, ப்ரீபோன்ட், ட்வெல்ஃப்த்.

அப்பா அந்த நடு வார்த்தையை அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. நோட்டுல இல்ல. பக்கத்து ஊர் போஸ்ட் ஆபீஸுக்கு ஓடினார். போஸ்ட் மாஸ்டர் நல்ல மனுஷன், படிச்சவர். ஆபீஸ்ல இருந்த டிக்ஷனரியைப் புரட்டினார். அதுலயும் இல்ல. "தம்பி, தந்தி நாலு கை மாறி வருது. எழுத்து மாறறது சகஜம். இது போஸ்ட்போன்ட். வேற வார்த்தையே கிடையாது"ன்னு சொல்லி, சிவப்புப் பென்சிலால ப்ரீயை அடிச்சு, மேல போஸ்ட்னு எழுதிக் குடுத்தார். 18ஆம் தேதியை 12ஆம் தேதிக்கு ஒத்திப்போடணும்னா அது அடுத்த மாசம் 12ஆகத்தானே இருக்கணும்? கணக்கு சரியா இருந்துச்சு. ஏப்ரல் 12, திங்கக்கிழமை, அப்பா வெள்ளைச் சட்டையோட மதுராந்தகத்துல மீட்டர் கேஜ் வண்டி ஏறினார்.

அங்க ஒரு குமாஸ்தா ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினாராம். மார்ச் 12, அப்பா பேருக்கு எதிர்ல 'ஆப்சென்ட்'. "ப்ரீபோன்னு தெளிவாத் தந்தி குடுத்தோமே, இதுகூடப் புரியலைன்னா எப்படி?"

அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசலையாம். பேச முடியல. அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல இருக்கு, பி.யூ.சி. இங்கிலீஷ்ல போன தனக்குத்தான் அது தெரியலைன்னு நம்பிட்டார். அப்புறம் செங்கல்பட்டுல ஒரு உரக்கடையில கணக்கெழுதப் போனார், முப்பத்தோரு வருஷம். அந்தத் தந்தி இன்னும் அவர் டிரங்குப் பெட்டியில எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்துக்குள்ள இருக்கு. சிவப்புப் பென்சில் கோடு மட்டும் மங்கல.

எனக்கு இந்தக் கதை தெரிய வந்ததே 2005 வாக்குலதான். எங்க டீம்ல ஒருத்தன் அமெரிக்கா கிளையன்ட்டுக்கு, மீட்டிங்கை ப்ரீபோன் பண்ணலாமான்னு மெயில் போட்டான். அந்தாளு, அப்படின்னா என்னன்னு திருப்பிக் கேட்டார். ஆபீஸே சிரிச்சது. அப்பதான் எங்க எல்லாருக்கும் தெரிஞ்சது, அது இங்கிலீஷ்காரனும் அமெரிக்கனும் பொதுவாப் புழங்காத வார்த்தை, நம்மூர்ச் சரக்குன்னு. வீட்டுக்கு வந்து சாப்பிடறப்ப இதைச் சிரிச்சுக்கிட்டே அப்பாகிட்ட சொன்னேன். அவர் சிரிக்கல. கையைக் கழுவிட்டுப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். தந்தியை எடுத்து என் தட்டுப் பக்கத்துல வெச்சுட்டு முழுக் கதையையும் சொன்னார். சொல்லி முடிச்சுட்டு, "அப்ப போஸ்ட் மாஸ்டர் சரியாத்தான்டா திருத்தியிருக்கார்"னார். இருபத்தொம்போது வருஷம் கழிச்சு.

நான் சும்மா இருக்கலாம். இருக்கல. தேடித் தேடிப் படிச்சேன். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரங்க ப்ரீபோனுக்கு 16ஆம் நூற்றாண்டுலேர்ந்தே உதாரணம் வெச்சிருக்காங்க. ஆனா அதுல 'முன்னால் வைக்கிறது'ன்னு மட்டும்தான் அர்த்தம், தேதி விவகாரம் இல்ல. தேதியை முன்னுக்குக் கொண்டு வர்றதுங்கற அர்த்தத்துல 1913-ல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதின ஒருத்தர், போஸ்ட்போனுக்கு ஒரு போட்டி வார்த்தை வேணும், நான் உருவாக்கறேன்னு சொல்லியிருக்கார். அவங்க ஊர்ல அது எடுபடல. நம்ம ஊர் ஆபீஸ்கள்ல தன்னால முளைச்சு மரமாச்சு. முளைச்சதுல ஆச்சரியம் இல்ல. எதிர்ப்பதம் இல்லாம ஒரு வார்த்தையை நம்மாளால சும்மா விட முடியாது. முன் இருந்தா பின் இருக்கணும். முற்பகல் இருந்தா பிற்பகல் இருக்கணும். இங்கிலீஷ்காரன் அதுக்கு 'கொண்டு முன்னால வா'ங்கற மாதிரி ரெண்டு வார்த்தையில சுத்தி வளைச்சுச் சொல்றான். அதுலதான் புதன்கிழமை திங்களா வெள்ளியான்னு குழப்பமே. ப்ரீபோன்ல அந்தக் குழப்பம் இல்ல. நியாயமாப் பார்த்தா நம்ம வார்த்தைதான் உசத்தி.

இதையும் அப்பாகிட்ட சொன்னேன். "வார்த்தை நல்ல வார்த்தைதான். கொஞ்சம் சீக்கிரம் வந்துடுச்சு"ன்னார்.

இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன், அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. போஸ்ட்போன்ல இருக்கற 'போஸ்ட்'டுக்கும் போஸ்ட் ஆபீஸ் 'போஸ்ட்'டுக்கும் சம்பந்தமே இல்ல. முதலாவது லத்தீன்ல 'பின்'. ரெண்டாவது, வைக்கறதுன்னு அர்த்தம் வர்ற 'போனெரே'ங்கற வினையிலேர்ந்து வந்தது. வழியில வைக்கப்பட்ட குதிரை லாயங்கள், இத்தாலியில 'போஸ்டா'. போஸ்ட்போன்ல இருக்கற 'போன்' கூட அதே போனெரேதான். ஆக, போஸ்ட் மாஸ்டருக்குச் சொந்தக்காரன் அந்த வார்த்தையோட பின்பாதிதான், முன்பாதி இல்ல. அவரோ பின்பாதியைத் தொடாம முன்பாதியைத் திருத்தினார். "தெரியாத ஆள் மேல கை வெச்சிருக்கார்"னு சொல்லி அப்பா அன்னிக்கு ரொம்ப நேரம் சிரிச்சார்.

போன வாரத்துக்கு வர்றேன். பாப்பா விடல. "ஏன் தாத்தா வேணாம்? நாங்க எல்லாரும் சொல்வோமே. எங்க மிஸ்ஸே டெஸ்ட்டை ப்ரீபோன் பண்ணாங்க"ன்னா. அப்பா எழுந்து உள்ள போனார். தந்தியைக் கொண்டு வந்து காட்டினார். 2013 ஜூலையோட நம்ம நாட்டுல தந்தியே நின்னு போச்சு, அவ பொறந்ததே அதுக்கப்புறம்தான், அதனால தந்தின்னா என்னன்னு முதல்ல பாடம் எடுக்க வேண்டியிருந்துச்சு. மூணு வார்த்தைக்குக் காசு குடுப்பாங்களான்னு அவளுக்கு ஒரே ஆச்சரியம். கதையைக் கேட்டு முடிச்சுட்டு, "அப்ப நீங்க அந்த வேலைல சேர்ந்திருந்தா மெட்ராஸ்லயே இருந்திருப்பீங்களா? அப்பா எங்க படிச்சிருப்பாங்க?"ன்னு கேட்டா. அதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. கொசு பேட்டு மட்டும் ரெண்டு தடவை பட்டுப் பட்டுன்னுச்சு.

ப்ரீபோனை அவ எழுதிக்கிட்டா. நாலாவது வார்த்தையா. அஞ்சாவதுக்கு இடம் காலியா இருந்துச்சு. அப்பா பேனாவை வாங்கி, அவர் கையெழுத்துல, பொறுமையா 'ப்ரீ யுனிவர்சிட்டி'ன்னு எழுதினார். மறுநாள் நோட்டு திருத்தி வந்துச்சு. ப்ரீபோனுக்கு டிக். ப்ரீ யுனிவர்சிட்டிக்குப் பக்கத்துல சிவப்பு மையில ஒரு கேள்விக்குறி.

பி.கு.: மு.கு.ன்னு ஒண்ணு ஆரம்பத்துலயே போட்டிருக்கணும். மதுராந்தகம் பக்கத்துலேர்ந்து யாராவது இதைப் படிச்சா, உங்க வீட்டுப் பரணையில பழைய புகுமுக வகுப்புப் புத்தகங்கள், தமிழ்ல போட்டது, இருக்கான்னு பாருங்க. இருந்தா பழைய பேப்பர்காரருக்குப் போடாதீங்க, எனக்குச் சொல்லுங்க. அப்பாவுக்கு ஒரு தடவை புரட்டிப் பார்க்கணுமாம்.